கோதுமை நுழையாத வீடு

முன்னால் கடை, கடைக்குப் பின்னால் மாவறை, மாவறைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேல் நான் குடியிருந்த ஒற்றை அறை. ரொட்டி வேகும் வாசனை இந்த வரிசையில்தான் ஏறி வரும். பகலில் ஓர் இரும்புக் கடையில் ரசீது போட்டுவிட்டு, மாலையில் கணக்குப் பதிவியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாப்பாடு கீழே, கடைக்காரர் வீட்டில். அதனால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே பார்த்தேன். மீதியைப் பன்னக்கா சொல்லிக் கேட்டேன். இரண்டையும் வரிசை மாறாமல் சொல்லப் பார்க்கிறேன். எங்கேயாவது பன்னக்காவின் பக்கம் சாய்ந்திருந்தால், சாயாமல் எழுத எனக்குத் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பன்னக்கா என்பது தெரு வைத்த பெயர். கடையை நடத்திய ரொட்டி மாஸ்டரின் மனைவி. மாவறையில் பன் உருட்டுவது அவருடைய வேலை. இரண்டு கைக்கும் ஒவ்வொரு உருண்டையாக எடுத்துப் பலகையின்மேல் ஒரே சமயத்தில் சுழற்றுவார். கையை எடுத்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். மாவு பிசைவது, புளிக்க வைப்பது, அடுப்பு மூன்றும் மாஸ்டர் பொறுப்பு. கல்லாவில் மாஸ்டரின் அக்கா. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதற்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதாக அவரே சொல்வார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பன்னக்காவும் நானும் எங்களுக்குள் அவருக்கு வைத்த பெயர் மேலதிகாரி. கல்லாவிலிருந்து அவர் தொண்டையைச் செருமினால் மாவறையில் பேச்சு நின்றுவிடும்.

மாஸ்டர் ஆள் வாட்டசாட்டமானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குடிவந்தபோதே சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. பிசைந்துகொண்டிருக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவார். மாஸ்டருக்கு இப்போது இரண்டு ஆபீஸ், ஒன்றில் உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வருவதில்லை என்று ரொட்டி அடுப்பில் உதவிக்கு இருப்பவர் கிண்டல் செய்வார். மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார். வாயில் புண் ஆறாது. முழங்கையில் நீர் கோத்த சிறு கொப்புளங்கள்; சொறிந்து சொறிந்து கறுத்துப் போயிருந்தன. இரத்தம் குறைவு என்று யாரோ இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இரத்தம் ஏறவில்லை. மாவில் கிடக்கிறவனுக்கு அரிப்பு வராமல் வேறு யாருக்கு வரும் என்பது மேலதிகாரியின் தீர்ப்பு.

கடைசியில் பன்னக்காதான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்ன தொழில் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். கோதுமையே சிலருக்கு ஆகாமல் போகும், அதற்கென்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, எடுத்துப் பார்ப்போம் என்றார். பரிசோதனை முடியும்வரை ரொட்டியை மட்டும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். உடம்பு கோதுமையோடு சண்டை போடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் கோதுமை உள்ளே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் வீட்டில் எடுபடவில்லை. வயிற்றுப்போக்குக்காரனுக்கு ரொட்டி கொடுக்கச் சொல்லும் டாக்டரைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார் மேலதிகாரி. பன்னக்கா மேசையில் ரொட்டி வைப்பார். மாஸ்டர் அதைப் பிட்டுப் போட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் அக்கா ஒளித்து வைத்திருந்த அரிசிக் கஞ்சியைக் குடித்துவிட்டு வருவார். பல வாரம் இப்படி. வயிறும் கொஞ்சம் அடங்கியது. அதன்பிறகு பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று முடிவு வந்தது.

டாக்டரம்மா தோண்டித் துருவிக் கேட்டபின் கஞ்சி விஷயம் வெளியே வந்தது. மறுபடியும் ரொட்டியைத் தொடங்கச் சொன்னார். இந்த முறை ஏமாற்றக் கூடாது, சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இரத்தத்தோடு குழாய்விட்டுக் குடலையும் பார்த்துவிடலாம் என்றார்.

அந்த வாரங்களில் நான் மேசையில் தலை நிமிர்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. மாஸ்டர் தட்டை வெறித்தபடி ரொட்டியை மெல்லுவார். கடையையும் வீட்டையும் பிரிக்கும் கதவில் மேலதிகாரி நிற்பார்.

"அவன் கொல்லைக்கு ஓடறது உன் கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது அண்ணி."

"தெரிஞ்சும் போடற."

"இப்ப நிறுத்துனா மறுபடியும் ஒண்ணும் தெரியாமப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டர் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவா. துணி அலசறது யாரு?"

"நான்தானே அலசறேன்" என்றார் பன்னக்கா. அடுத்த துண்டில் வெண்ணெய் தடவி மாஸ்டரின் தட்டில் வைத்தார். அவர் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் மேலதிகாரிக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. புருஷன் வாயில் விஷத்தை வைக்கிறாள், முகம் கூடச் சுளிக்கவில்லை என்று அன்று மாலையே கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரத்தமும் எடுத்தார்கள், குழாயும் விட்டார்கள். குடலிலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் பன்னக்கா என்னையும் வரச் சொன்னார். "நீ படிக்கிற பொண்ணு. டாக்டர் சொல்றதுல பாதி என் காதுல விழாது. நீ ஞாபகம் வச்சுக்கோ."

டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். "குளிச்சுட்டுத் துடைக்கிற துண்டுல பொசுபொசுன்னு நூல் நிக்கும் பாருங்க, குடலுக்குள்ள அப்படி இருக்கணும். சாப்பாட்டுல இருக்கற சத்த உறிஞ்சறது அதுதான். உங்களுக்கு அதெல்லாம் தேஞ்சு சிமெண்டுத் தரை மாதிரி ஆயிடுச்சு. சாப்பிடறது எல்லாம் மேலயே ஓடிப் போயிடுது."

"இதுக்கு என்ன மருந்து?" என்றார் மாஸ்டர்.

"மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, அப்புறம் ரைன்னு கோதுமை மாதிரி ஒரு தானியம் இருக்கு, அது. மூணையும் தொடக் கூடாது. மைதா, ரவை எல்லாம் கோதுமைதான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

மாஸ்டர் சிரித்தார். "நான் ரொட்டி போடறவன் டாக்டர்."

"போடுங்க, சாப்பிடாதீங்க. முடிஞ்சா போடறதையும் விட்டுடுங்க. மாவுத்தூசி மூக்கு வழியா, வாய் வழியா உள்ள போயிட்டேதான் இருக்கும்."

விட முடியாது என்று மாஸ்டர் சொல்ல, முகமூடி கட்டிக்கொண்டு வேலை செய்வது என்று முடிவாயிற்று. வேறு என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போனார். அவர் பேசியதெல்லாம் பன்னக்காவைப் பார்த்து. மாஸ்டர் சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாளே பன்னக்கா சமையலறையைப் பிரித்துப் போட்டார். சல்லடை, மரக் கரண்டிகள், சப்பாத்திக் கட்டை எல்லாம் வெளியே போயின. கோதுமை ஊறிய மரத்தை எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரொட்டி தடவிய கத்தி நுழைந்த ஜாம் பாட்டிலும் வெண்ணெயும் போயின. அலமாரித் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கொதிக்க வைத்து, மறுபடி துடைத்தார். மாவறைக் கதவருகே ஒரு கம்பி கட்டினார். மாஸ்டர் அங்கேயே சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டு, கொல்லைக் குழாயில் தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்.

பன் உருட்டுவதையும் பன்னக்காவே நிறுத்திக்கொண்டார். அதை யாரும் சொல்லவில்லை. நகக்கண்ணில் நிற்கும் மாவு சோற்றுப் பானைக்கு வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவர் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் உருட்டிய பன்கள் ஒருபக்கம் சாய்ந்திருந்தன. பன்னக்கா கடைப்பக்கம் போய் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், பரவாயில்லை, பன்னுக்கும் கழுத்து வலி போல என்றார். அவ்வளவுதான் சொன்னார். தானும் ரொட்டி தின்பதை விட்டுவிட்டார். மாவறையில் சுடச்சுட எடுத்த பன்னின் மேல்தோலை உரித்துத் தின்பது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும், என் அறைக்கே எடுத்துப்போய்த் தின்றுகொள்ளச் சொல்லி, கடையிலிருந்து வாங்கிக்கொள்ள அனுமதி தந்தார். நான் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

அரிசி மாவும் சோள மாவும் கலந்து ரொட்டி சுட்டுப் பார்த்தார். பசை இல்லாத மாவு எழும்பவில்லை. முட்டை சேர்த்தார், உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்தார். செங்கல்லாகவே வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ முறை ஒரு மாதிரி உப்பி, அறுத்தால் துண்டாக நிற்கும் அளவுக்கு வந்தது. தட்டில் வைத்து, மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் விரலால் அழுத்தினார். அமுங்கியது எழும்பவில்லை. ஒரு வாய் தின்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இத ரொட்டின்னு மட்டும் சொல்லாத" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அதன்பிறகு சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, பருப்பு. பன்னக்கா மாற்றி மாற்றி அதையே சமைத்தார்.

தொடக்கத்தில் நன்றாக இருந்தது. கொல்லைக்கு ஓடுவது குறைந்தது, வாய்ப்புண் ஆறியது. பன்னக்கா வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்தார். ஒருநாள் மறுபடியும் மாஸ்டருக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமும். முழங்கையில் கொப்புளம் திரும்பி வந்தது.

மேலதிகாரி சமையலறைக்குள் வந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலங்களில் பொடி எழுத்தைப் படித்தார். ஒரு மசாலாப் பொட்டலத்தின் கடைசி வரியில் கோதுமை மாவு என்று இருந்தது. கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பார்கள் போல. பன்னக்கா எல்லாப் பொட்டலத்தையும் படித்துத்தான் வாங்குவார். அந்த ஒன்றில் கடைசி வரி மடிப்புக்குள் போயிருந்தது.

மேலதிகாரி அதைத் தூக்கிக்கொண்டு மாவறைக்கே போனார். மாஸ்டர் முகமூடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். பன்னக்காவிடம் வந்து, "பாத்து வாங்கக் கூடாதா" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் வருகிற ஒவ்வொரு வயிற்று வலிக்கும் ஒரு பொறுப்பாளி இருந்தார்.

பன்னக்கா கடைப் பொட்டலங்களையே நிறுத்தினார். மல்லியும் மிளகும் முழுதாக வாங்கி, கழுவிக் காயவைத்து, புது மிக்ஸி ஜாரில் தானே பொடித்தார். அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தார். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வலி நிற்கவில்லை. மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் விரலால் சோற்றைப் புரட்டிப் பார்ப்பார். அதைப் பார்க்க வேண்டாம் என்று பன்னக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். கை சுத்தமில்லாதவள் சமைத்தால் அப்படித்தான் என்று கல்லாவில் பேச்சு நடந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வலியோடு படுத்திருந்தார். பன்னக்கா வெந்நீர் கொண்டுபோய் நீட்டினார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லு. ஒளிஞ்சு ரொட்டி திங்கறியா?"

"நானா?"

"உனக்கு அது இல்லாம இருக்க முடியாது. எனக்குத் தெரியும். தின்னுட்டு அதே கையோட சமைக்கிறியோ என்னமோ."

மாஸ்டர் டம்ளரை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வெந்நீர் கொஞ்சம் பாயில் சிந்தியது. சோப்பு வாசனைதான் அடித்திருக்கும். கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பன்னக்கா பாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் போவது என்று பன்னக்கா முடிவு செய்தார். என்னையும் கூப்பிட்டார். "எங்க தப்பு நடக்குதுன்னு அவங்களே சொல்லட்டும். என் தப்புன்னா என் தப்பு. நான் சமையலை விட்டுட்டுப் போறேன்."

மறுபடி எடுத்த இரத்தத்தில், உடம்பு கோதுமையோடு சண்டை போடுவதைக் காட்டும் அளவு மிகவும் கூடியிருந்தது. கோதுமை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, சந்தேகமே இல்லை என்றார் டாக்டரம்மா. பன்னக்காவைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பாத்திரம், எண்ணெய், மசாலா, சாஸ், அரிசி வாங்கும் கடை, சாப்பிடுகிற மாத்திரை. பன்னக்கா ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதுகிறவர் போலப் பதில் சொன்னார். டாக்டரம்மா கேட்டுக் கேட்டுக் கடைசியில், "இதுக்கு மேல ஒரு வீட்டுல எதுவும் பண்ண முடியாதும்மா" என்றார். மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"வேலை செய்யற இடத்துல என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடறதில்ல. தண்ணி கூட வீட்டுலேர்ந்து வருது."

"முகமூடி?"

"கட்டியிருப்பேன். மாவு பாக்கறப்ப மட்டும் இறக்குவேன்."

"மாவு பாக்கறதுன்னா?"

மாஸ்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதுவரை அந்த அறையில் அவருக்குத் தெரிந்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை. விளக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவை பிசைந்ததும் பட்டாணி அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புச் சரியா என்று அப்போதுதான் தெரியும். புளித்தபிறகு ஒருதரம், முன்பல்லில் மென்று பார்த்தால் மாவு பக்குவமா இல்லையா என்று சொல்லிவிடலாம். முதல் தட்டு வெந்து வந்ததும் உள்பக்கத்திலிருந்து ஒரு துளி. கையால் தொட்டுப் பார்ப்பவன் பாதி மாஸ்டர், நாக்கில் பார்ப்பவன்தான் முழு மாஸ்டர்.

"இது தினமுமா?"

"தினமும் எல்லாத் தடவையும். ஆனா முழுங்க மாட்டேன் டாக்டர். துப்பிடுவேன். இத்தன மாசத்துல ஒரு துளி முழுங்கினதில்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "துப்பினா போயிடும்னு யார் சொன்னது? எச்சில்ல கரைஞ்சு பல்லு இடுக்குல, நாக்குல நிக்கும். அது எல்லாம் எங்க போகும்? உங்களுக்கு ஒரு ரொட்டித் தூள் போதும். நீங்க தினமும் நாலு வேளை தின்னுக்கிட்டு இருக்கீங்க."

நான் பன்னக்காவைப் பார்த்தேன். அவர் மடியில் கோத்து வைத்திருந்த கைகளைப் பிரித்து, வெடித்திருந்த விரல் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நானும் நம்பினேன்.

பஸ்ஸில் மாஸ்டர் சன்னல் ஓரம், பன்னக்கா அவர் பக்கத்தில், பின்சீட்டில் நான். பாதி வழியில் மாஸ்டர் சொன்னார்: "துப்பறதும் திங்கறதும் ஒண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல. விடுங்க" என்றார் பன்னக்கா. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

கடை வாசலிலேயே மேலதிகாரி எழுந்து வந்தார். என்ன சொன்னாள் டாக்டர் என்று கேட்டார். மாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வார் சிக்கிக்கொண்டது போலக் குனிந்தே இருந்தார்.

"இன்னும் உள்ள போயிட்டுத்தான் இருக்காம் அக்கா. எங்கயோ கலக்குதுன்றாங்க. இன்னும் ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

"நான்தான் சொன்னேனே" என்றார் மேலதிகாரி. சொல்லும்போது தம்பியைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். பன்னக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். சமையலறைக்குள் வந்தபிறகுதான் விட்டார்.

"நீ சொல்லாத."

"நான் அங்க இருந்தேன் அக்கா. என் காதால கேட்டேன்."

"அதனாலதான் சொல்றேன். நீ சொன்னா, இவதான் சொல்லிக் குடுத்தான்னு ஆகும். எனக்கு அது வேண்டாம். என் கையப் புடிச்சு மோந்து பாத்தது அவரு. அவரே சொல்லட்டும். எத்தன நாளானாலும் அவர் வாயால வரட்டும்."

அன்று சாப்பாட்டின்போது மேலதிகாரி ஏதோ ஆரம்பித்தார். பன்னக்கா குறுக்கே பேசி நான் கேட்டதே இல்லை, அன்று பேசினார். என் சமையலில் குறை இருக்கிறது என்று இத்தனை பேர் சொல்லும்போது நான் தொடர்ந்து சமைப்பது சரியில்லை, நாளையிலிருந்து அண்ணியே அவருக்குச் செய்துவிடட்டும், எனக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஓரமாக ஒரு சின்னப் பாத்திரம் போதும் என்றார். மாஸ்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. மாஸ்டர் தண்ணீர் கேட்டார்.

மேலதிகாரி சமையலை ஏற்றுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்த்துப் பார்த்துச் செய்தார். கல்லாவில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு அடுப்படியில் நின்றார். பாத்திரங்களை வெந்நீரில் முக்கி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இப்படித்தான் என்பார். மாஸ்டரும் கொஞ்ச நாள் நாக்கில் வைக்காமல் இருந்தார். உப்பை அளந்து போட்டார், கையால் மட்டும் தொட்டுப் பார்த்தார். அந்த நாட்களில் உடம்பு தேறியது. என் கை பட்டதும் எப்படித் தெளிந்தான் பாருங்கள் என்று மேலதிகாரி தெருவுக்கே சொன்னார். பன்னக்கா கேட்டுக்கொண்டு ஓரத்து அடுப்பில் எங்களுக்குச் சோறு வடித்தார்.

பிறகு ஒரு தடவை மாவில் உப்பு இல்லாமல் போய்விட்டது. வெந்தபின்தான் தெரிந்தது. வாங்கியவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மாவறை அடுப்புக்காரர் மாஸ்டர் எதிரிலேயே சிரித்தார். அடுத்த நாளிலிருந்து மாஸ்டர் முகமூடியை இறக்க ஆரம்பித்தார். மாவறைச் சன்னல் என் படிக்கட்டுப் பக்கம். கிள்ளி வைத்து, கண்ணை மூடி, சாக்கடைப் பக்கம் துப்பி, வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பதைப் பார்த்தேன். முன்னைவிட அதிக நேரம் கொப்பளித்தார்.

அது நடந்தது ஒரு விடுமுறை நாள் மதியம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பன்னக்கா கொல்லைக் குழாயில் எங்கள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலதிகாரி தம்பிக்குச் சோறு போட்டு உட்கார வைத்தார். இரண்டு வாய் தின்றவர் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். நெற்றியில் வியர்த்துவிட்டது. கொல்லைக்குப் போய்த் திரும்பி வந்து, வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேலதிகாரி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெரிய உடம்பு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அரிசியைத் தானே பொறுக்கியதாக, எண்ணெய்ப் பாக்கெட்டைக் கூடப் புதிதாக உடைத்ததாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"அம்மா மாதிரி வளத்த கையாலயே உனக்கு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மாஸ்டர் வலியோடு எழுந்தார். தவழாத குறையாக வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அழாத. உன் சமையல்ல ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. நான் மாவ நாக்குல வச்சுப் பாக்கறேன்ல, அதுதான். துப்பினாலும் உள்ள போயிடுமாம். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பன்னக்கா குழாயை மூடியிருந்தார்.

"அன்னிக்கேவா?" என்றார் மேலதிகாரி.

"அன்னிக்கேதான்."

"ஏன்டா சொல்லல?"

"இவ்வளவு பேசிட்ட. அதெல்லாம் தப்புன்னு தெரிஞ்சா நீ சங்கடப்படுவ. அதான்."

மேலதிகாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "தெரியாமத்தானே பண்ணிட்ட. போகட்டும் விடு" என்றார். அப்போதுதான் கொல்லைக் கதவில் நிழல் விழுந்ததைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார்.

பன்னக்கா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். "உனக்குத்தான் தெரியுமே" என்பது மட்டும் வந்தது.

"தெரியும்" என்றார் பன்னக்கா. "எனக்கு அழத் தெரியல. அதான் இவ்வளவு நாளாயிடுச்சு."

மேலதிகாரி தரையில் கை ஊன்றி எழுந்தார். கரண்டியைக் கழுவி மாட்டினார். கல்லாவில் உட்கார வைத்த ஆள் சரியில்லை என்றும், தான் அங்கே இருந்தால்தான் கடை கடையாக இருக்கிறது என்றும் பொதுவாகச் சொன்னார். பிறகு பன்னக்காவின் பக்கம் திரும்பாமலே, "நாளையிலேர்ந்து சமையலை நீயே பாத்துக்கோயேன்" என்றார்.

"வேண்டாம் அண்ணி. உங்க சமையல்ல வயிறு வலிச்சாத்தான் அவருக்கு உண்மை வருது."

பன்னக்கா திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.